அந்தோனியாருக்கு நேர்ந்த சிங்க இறால்

கடற்றொழில் சட்டம் சொல்லப் போகிறவர்களை எந்தக் கரையிலும் முதலில் வரவேற்பது நாய்தான். அதன் பிறகு வரும் மனிதர்கள் குரைப்பதில்லை. மீன்பெட்டியின் மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டு, இன்றைக்குப் பாடே இல்லை, வலையில் ஒரு மீன்கூட வரவில்லை என்பார்கள். பஸ்ஸில் ஏறி ரிக்கற் பரிசோதிப்பவர்களே, கட்டணம் கட்டாத வீட்டுக்கு மின்சாரம் வெட்டப் போகிறவர்களே, நுளம்புக் குடம்பி தேடி ஊராரின் பூச்சாடிகளைக் கவிழ்ப்பவர்களே, நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் எங்களில்தான் பிழை பிடிப்பார்கள்.

நான் கம்பஸில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கிறேன். இறுதி வருடப் பயிற்சிக்கு, தீவுப்பகுதியில் ஒரு கடற்றொழில் பரிசோதகரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். அவர் வடமராட்சிக்காரர், வயிற்றில் அல்சர், யாரோடும் வாய் கொடுக்கமாட்டார். நான் கரம்பொன்காரி, நாளுக்கு ஒருவரோடாவது வாதாடாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அவர் முன்னால் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் ஸ்கூட்டியில், இப்படித்தான் நாங்கள் சமுத்திரத்தைக் காப்பாற்றப் போவோம். முக்கியமான சம்பவங்கள் நடந்த கிராமத்தின் பெயரை எழுதவில்லை. ஊர்காவற்றுறையில் இருந்து தூரமில்லை என்பதோடு விடுகிறேன். எழுதினால் ஒரு கோயில் முழுவதுமே மாட்டிக்கொள்ளும்.

தேசிக்காய்

முதல் கிழமையே நெடுந்தீவில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். கடல்வளத்தை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று நான் பேச வேண்டும். அதற்கு முதல் நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "எங்கள் பிள்ளைகளின் கடல்" என்கிற இடத்தில் குரலை எவ்வளவு தூக்குவது என்பது வரைக்கும் தீர்மானித்திருந்தேன்.

குறிகட்டுவானில் படகு ஏறும்போது கடல் கொஞ்சம் முறுகிக்கொண்டுதான் இருந்தது. பாதி வழியில் என் காலைச் சாப்பாடு கடல்வளத்தோடு சேர்ந்தது. மிச்சப் பாதி வழியும் பரிசோதகர் ஐயா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பண்பு அது. இறங்குதுறையில் இரண்டு பேர் கையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த சனம் அங்கேயே நின்றது. ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தார், நெஞ்சில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "கடலைக் காப்பாத்த வந்த பிள்ளைக்கு முதல் மணக்க ஒரு தேசிக்காய் குடுங்கோ."

முளைக்கப் போகிற பல்

சிங்க இறால் தெரிந்திருக்கும். கொழும்பு ஹொட்டேல்களில் பெரிய தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், பிடித்தவர் வீட்டில் சமைத்ததை நான் கண்டதில்லை. சினை கொண்ட சிங்க இறால் வயிற்றுக்கு அடியில் செம்மஞ்சள் மணிகளாக முட்டையைச் சுமந்து திரியும். அது வலையில் வந்தால் அந்த இடத்திலேயே உயிரோடு கடலில் விட வேண்டும். வைத்திருந்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம். ஆனால் முட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டால் அது சினை இறால் என்று யாருக்குத் தெரியும்? தேய்ப்பதற்கு மிகவும் வசதியான கருவி பல்லுத் தீட்டும் பிரஸ்.

பீற்றர் சம்மாட்டியார் அந்தக் கிராமத்தில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவருடைய வாடிக்குள், அதாவது மீன் வைக்கிற கொட்டிலுக்குள் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை நிறையப் பிரஸ்கள் இருந்தன. மயிரெல்லாம் செம்மஞ்சள். இது எதற்கு என்று கேட்டேன். பல்லுத் தீட்ட என்றார். சொல்லும்போதே வாயைத் திறந்தாரா, மேல் வரிசையும் இல்லை, கீழ் வரிசையும் இல்லை. உங்களுக்குத்தான் பல்லே இல்லையே என்று சண்டைக்குப் போனேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், சம்மாட்டி என்றாலும் ஒன்றுதான், கூலி என்றாலும் ஒன்றுதான் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். ஐயா ஒரு இறாலைத் திருப்பி, வயிற்றில் ஒட்டியிருந்த மிச்ச முட்டையைக் காட்டி வழக்குப் போட்டார். சம்மாட்டியார் ஐயாவோடு கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "இனி முளைக்காதெண்டு நீங்கள் எழுதித் தருவியளே, மிஸ்?"

ஒரு வலை

அதே கிராமத்து மீனவர் யூட் அண்ணையைப் பிடித்தது தங்கூசி வலைக்கு. பிளாஸ்ரிக் நரம்பு போல ஒற்றை இழையில் வருகிற வலை அது. மலிவு. கடலில் தொலைந்தால் உக்காது, கேட்பாரில்லாமல் வருடக்கணக்காக மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். அதனால்தான் தடை. இதைக் கம்பஸில் நான் படமெல்லாம் போட்டு விளங்கப்படுத்தி நல்ல புள்ளி எடுத்திருக்கிறேன்.

படம் போடாத பகுதி ஒன்று இருக்கிறது. யூட் அண்ணையிடம் முன்னர் நல்ல நைலோன் வலைதான் இருந்தது. அக்கரை இந்தியாவில் இருந்து வருகிற இழுவைப் படகு ஒன்று அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்ப நைலோன் வலை வாங்க வழியில்லாமல்தான் இதை வாங்கினார். நீதிமன்றம் வலையை எரிக்கச் சொன்னது. இன்னொரு தடவை எந்தக் கடற்றொழில் குற்றத்தில் பிடிபட்டாலும் படகு அனுமதி ரத்து என்றும் சொன்னது. அனுமதி போனால் அவருடைய வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் வெடிக்க வேண்டியதுதான். குடும்பத்துக்கு வேறு தொழில் இல்லை.

எரித்த அன்று நான் ஐயாவோடு கடுமையாகச் சண்டை பிடித்தேன். இழுவைப் படகைக் காணாத கண்ணுக்கு இந்த வலை மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அது கடற்படையின் வேலை, எங்களிடம் வள்ளம்கூட இல்லை என்று சொல்லி, வயிற்றைத் தடவிக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடி நின்றார். யூட் அண்ணையும் பக்கத்தில்தான் நின்றார். புகை எங்கள் மூன்று பேரின் கண்ணையும் ஒரே மாதிரித்தான் எரித்தது. யூட் அண்ணைதான் சொன்னார்: "கடலில அவங்கள் அறுத்தாங்கள், கரையில நீங்கள் எரிக்கிறியள். ரண்டு பேரும் கதைச்சு ஒருக்காச் செய்திருக்கலாம், மிஸ்."

மூடி திறக்காத சோடா

கொஞ்ச நாளில் யூட் அண்ணை கடனுக்கு நைலோன் வலை எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, வலைக்கண்ணின் அளவு பார்க்க வீட்டுக்குப் போனோம். அளவு சரியாக இருந்தது. அவருடைய மனைவி ஸ்ரெலா அக்கா எங்கள் இருவருக்கும் கதிரை போட்டு, ஆளுக்கு ஒரு சோடாப் போத்தலும் திறப்பானும் கொண்டுவந்து வைத்தார். ஏன் மூடி திறக்காமல் வந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. நான் யாருடைய மகள், கரம்பொனில் எந்தப் பக்கம் என்றெல்லாம் முதல் நாளே விசாரித்திருக்கிறார்கள். எங்கள் சாதி ஆட்கள் தங்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்கமாட்டார்கள் என்று அவர்களாகவே முடிவுசெய்து, எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சூடு வந்திருக்காது.

சோடா வேண்டாம், தேத்தண்ணிதான் வேண்டும் என்றேன். அல்சர்காரரான ஐயா அதற்குள் மரியாதைக்காகப் பாதிப் போத்தலைக் குடித்து முடித்திருந்தார். ஸ்ரெலா அக்கா குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கதை சொன்னார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிட்டபோது யூட் அண்ணை அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாராம். படகு அனுமதி பறிபோகாமல் காப்பாற்றினால், சட்டப்படியான வலையில் வருகிற முதல் மீன்பாட்டின் மிகச் சிறந்த உருப்படி அந்தோனியாருக்கு. அனுமதி தப்பிவிட்டது, இனித் திருநாளன்று வலையை முதல் தரம் இறக்கி நேர்த்தியை நிறைவேற்ற வேண்டும் என்றார். கோப்பையை என் கையில் தரும்போது அக்காவின் முகத்தில்தான் வெட்கம். "குடிப்பியள் எண்டு தெரிஞ்சிருந்தா நல்ல தேயிலை வாங்கி வச்சிருப்பன்."

பழுதில்லாத காணிக்கை

அந்தோனியார் திருநாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பூசை முடிய, கோயில் முற்றத்து வேம்பின் கீழ் காணிக்கை ஏலம். முதல் பாட்டை நேர்ந்தவர்கள் மீனாகவே கொண்டுவருவார்கள். கோயில் மூப்பர் அதைக் கூறி விற்க, வருகிற பணம் கோயிலுக்கு. ஏலத்தில் எடுத்ததைச் சமைத்துச் சாப்பிட்டால் வீட்டுக்கு நல்லது என்று சனம் போட்டிபோடும். எங்களுக்கு முன்வரிசையில், பீற்றர் சம்மாட்டியாருக்குப் பக்கத்தில், கதிரை போட்டிருந்தார்கள். ஒரு பாரை மீன் போனது. ஒரு சேவல் போனது. கப்பல் வாழைக்குலை ஒன்றுக்கு ஒரு அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்தே விட்டார்கள்.

பிறகு யூட் அண்ணை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுச் சேட், நனைந்த கை, முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே ஒரு சிங்க இறால். என் முழங்கை நீளம் இருக்கும், நல்ல உயிரோட்டம். சனம் "ஆ" என்றது. அவர் அதைத் தூக்கி, எல்லோரும் பார்க்க வால்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வயிறு நிறையச் செம்மஞ்சள் சினை. எங்களுக்கு நேரே காட்டினார். சட்டப்படி வலை எடுத்து, சட்டப்படி கண் அளந்து, அந்த வலையில் வந்த மிகச் சிறந்த உருப்படியைச் சொன்ன சொல் தவறாமல் கொண்டுவந்த பெருமை அந்த முகத்தில். காணிக்கைக்கும் சினைச் சட்டம் உண்டு என்ற நினைவே அதில் இல்லை. சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் ஐயாவின் முகம் மாறியது, அதைப் பார்த்து என் முகம், எங்களைப் பார்த்து அவர் முகம்.

நான் எழும்பிப் போய் அவருக்குக் கிட்ட நின்று மெல்லக் கேட்டேன், விற்கப் போகிற இறாலில் எல்லோரும் தேய்த்து எடுக்கிற சினையை இதில் மட்டும் ஏன் அப்படியே விட்டீர்கள் என்று. கடற்றொழில் அலுவலகத்தில் பயிற்சி பெறுகிற ஒருத்தி கேட்கக்கூடாத கேள்விதான். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அந்தோனியாருக்கு நேர்ந்ததை எப்பிடி மிஸ் தேய்க்கிறது? பழுதாப் போகுமெல்லே."

ஒரே சட்டம்

பீற்றர் சம்மாட்டியார் எழும்பினார். எனக்கு ஒரு சட்டம், அந்தோனியாருக்கு ஒரு சட்டமோ என்று சபையைப் பார்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, சம்மாட்டி என்றாலும் ஒன்றுதான், கூலி என்றாலும் ஒன்றுதான் என்று இந்த மிஸ்தானே சொன்னவ என்றார். நான் சொன்ன வார்த்தை, என் குரலை எடுக்கிற இடம்கூட மாறாமல் சொன்னார். இதில் கொடுமை என்னவென்றால், அவர் கேட்டது நியாயம். இத்தனை பேர் பார்க்க இதை விட்டுவிட்டால் நாளைக்கு ஒரு பிரஸ்ஸையும் நாங்கள் தூக்கிப் பார்க்க ஏலாது. விடாவிட்டால் யூட் அண்ணையின் வள்ளம் இன்றோடு சரி.

பூசை வைத்த பாதர் ஒரு வழி சொன்னார். நேர்ந்த கணமே அது அந்தோனியாரின் பொருள், யூட்டின் பொருள் இல்லை. வழக்குப் போடுவதென்றால் அந்தோனியாரில் போடுங்கள் என்றார். அதோடு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்தவர் யார், தூக்கிக்கொண்டு வந்தவர் யார் என்றுதான் நீதிமன்றம் கேட்கும் என்று பாதரோடும் வாதாடினேன். யூட் அண்ணைக்கு உதவியாக யாரும் பேசிவிடாமல் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேனே என்று பாதி வசனத்தில்தான் உறைத்தது. வாயை மூடினேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஸ்ரெலா அக்கா வந்தார். நேர்ந்தது ஏலத்தில் போகத்தான் வேண்டும், அதை மாற்ற ஏலாது என்றார். ஆனால் எடுக்கிறவர் சமைக்கத்தான் வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? எடுக்கிறவர் அந்தோனியாரின் பெயரால் அதைக் கடலில் விடட்டும். விடுகிற பாக்கியத்தைக் கூறி விற்கச் சொல்லுங்கோ மூப்பர் என்று சொல்லிவிட்டு, கணவனின் கையில் இருந்த பேசினை வாங்கி வேப்பம் நிழலுக்குள் வைத்தார். எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் எழும்பிப் போய்க் குனிந்து பேசினுக்குள் பார்த்தார். எப்போது வலையில் வந்தது என்று கேட்டார். விடிய, கரைக்கு வந்து நேரே கோயிலுக்குத்தான் என்றார் யூட் அண்ணை. ஐயா நிமிர்ந்து, கோயில் மதிலுக்கு அப்பால் தெரிகிற கடலை ஒரு தடவை பார்த்தார். "உது இன்னும் கடலுக்குத் திரும்பிப் போற வழியிலதான் நிக்குது எண்டு நான் நினைக்கிறன். ஆனா கெதியாப் போகவேணும்."

எடுத்தவர் பொருள்

கெதியாகத்தான் ஏலம் தொடங்கியது. முதலில் கேட்டவர் பீற்றர் சம்மாட்டியார். இரண்டாவதாகக் கேட்டவருக்கு மேலேயும் அவர் கேட்டார். யார் எவ்வளவு ஏற்றினாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல் அதற்குமேல் ஏற்றினார். எடுத்தவர் பொருள் என்று சொல்லி அவர் அதை வாடிக்குக் கொண்டுபோனால், இறால் கடலுக்குத் திரும்பவில்லை. திரும்பாவிட்டால் ஐயா வழக்குப் போட்டே ஆக வேண்டும். யூட் அண்ணைக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், அவர் ஏலத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்கிறேன் என்று கையைத் தூக்கப் போனேன். ஐயா என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். அரசாங்கம் ஏலம் கேட்கக்கூடாதாம்.

மூப்பர் மூன்று தரம் கூறி முடித்தார். சம்மாட்டியாருக்குத்தான் போனது. அவர் பேசினைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலைத் தாண்டினார். இடது பக்கம் திரும்பினால் அவருடைய வாடி, நேரே போனால் கடல். சனம் பின்னால் வந்தது. திருநாளுக்கு வந்த பாண்ட்காரருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது, ஊர்வலம் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாத்தியத்தோடு இடது பக்கம் திரும்ப எந்த மனிதனாலும் ஏலாது. அவர் நேரே நடந்தார். பட்டு வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இறாலை இரண்டு கையாலும் எடுத்து, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார். அவர் தோளும் காதும்தான் தெரிந்தது. பிறகு குனிந்தார். கை வெறுமையாக நிமிர்ந்தது.

ஸ்ரெலா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். யூட் அண்ணை மணலில் அப்படியே குந்திவிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லலாம் என்று சம்மாட்டியாருக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. தண்ணீரோடுதான் கதைத்துக்கொண்டிருந்தார்: "போ. போய்ச் சினையைப் போட்டிட்டு வா. வாடி எங்கையெண்டு தெரியும்தானே."

விட்டவர்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மதிலோரம் வாளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சினை இறால். அந்தோனியாரின் பெயரால் ஏலம் கூறிக் கடலில் விடுவதற்காம். ஒருவருக்கு மகளின் பரீட்சை, ஒருவருக்குத் தம்பியின் கனடா விசா. வியாழக்கிழமை பிடித்ததை ஞாயிறுவரை தொட்டியில் வைத்துக் காத்திருந்தவரும் உண்டு. சினை இறாலை வைத்திருப்பதுதான் குற்றம், விடுவதற்காகத் தேடிப் பிடிப்பது புண்ணியமே இல்லை என்று நான் வாளி வாளியாக நின்று வாதாடினேன். போன கிழமை ஓம், இந்தக் கிழமை இல்லையோ என்று கேட்டார்கள். ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தார். கடைசியில் பாதர்தான் பூசையில் அறிவித்தார்: வள்ளத்தில் இருந்து, வலையில் வந்த இடத்திலேயே விட்டால்தான் நேர்த்தி பலிக்கும், அந்தோனியாருக்குக் கடலிலும் கண் தெரியும். கம்பஸில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அந்தச் சட்டத்தைப் படிப்பிக்கவில்லை.

யூட் அண்ணையின் படகு அனுமதி அவரிடமே இருக்கிறது. வலையும் ஒழுங்கான வலைதான். இப்போது அந்தக் கரையில் நாய் குரைத்தாலும் யாரும் சாக்கை இழுத்து மூடுவதில்லை. எங்களைக் கண்டதும் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். நேற்று ஒன்று விட்டேன் என்கிறார் ஒருவர். நான் இரண்டு விட்டேன் என்கிறார் மற்றவர். ஒரு ஆள் நீளத்துக்கு ஒரு இறாலை விட்டவரும் இருக்கிறார். பீற்றர் சம்மாட்டியார் கடலுக்கே போவதில்லை, ஆனால் விட்ட கணக்கில் அவர்தான் முன்னுக்கு நிற்கிறார். உள்ளதைச் சொல்லுங்கள், இதில் எவ்வளவு உண்மை என்று ஒருநாள் யூட் அண்ணையிடம் கேட்டேன். வலையை உதறிக்கொண்டே சிரித்தார். "எனக்கு மற்றவையைத் தெரியாது, மிஸ். என்ரை ஒண்டுதான். ஆனா அது ஊரே பாத்தது."

முன்னர் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று எங்களுக்குப் பொய் சொன்ன கரை, இப்போது பிடிக்காததைப் பிடித்துக் கடலில் விட்டேன் என்று பொய் சொல்கிறது, கடல்வளப் பாதுகாப்பில் இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.